பச்சோந்திக்கும் ஒரு வீடு வேண்டும்



வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, "ஐயோ, குத்துகிறதே, குடைகிறதே" என்று அழுதானாம் ஒருவன். நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழமொழி. சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்த ஒரு கடிதத்தின் முதல் வரியே இந்தப் பழமொழிதான். "அண்ணே, அந்த மடி எங்கள் மடிதான்" என்று இரண்டாவது வரி.

எழுதியவர் ஒரு தாயார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பால்மரத்து நிழலில் வளர்ந்தவர். நம்மில் எத்தனையோ குடும்பத்துப் பெண் பிள்ளைகளைப் போல, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் பினாங்குத் தீவுக்கு வந்தவர். இப்போது பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் குடியிருக்கிறார். கணவன், மனைவி இருவருக்கும் மாறி மாறி ஷிப்ட் வேலை. பதினான்கு வயதில் ஒரே மகன்.

அந்த மகன் தீபாவளிக்குக் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு பச்சோந்தி வாங்கி வந்துவிட்டான். வீட்டில் சும்மா கிடந்த மீன் தொட்டியைக் கழுவி, அதில் ஒரு குச்சியையும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரையும் வைத்து, மேலே பலகையால் மூடி, அதற்குள் விட்டான்.

"பச்சைப் பசேலென்று வந்தது அண்ணே. பத்து நாளில் கறுத்துப் போய்விட்டது. பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. தீனி எடுப்பதில்லை. கேவலம் ஓர் ஓணானுக்கு இவ்வளவு செலவா என்று வீட்டுக்காரர் கோபப்படுகிறார். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுகிறான். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை. என்ன செய்யட்டும்?"

அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்து பதில் எழுதினால், பதில் போய்ச் சேரும்போது அது உயிரோடு இருக்காது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே போன் செய்தேன். "இன்றைக்கே ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். மற்றதை நேரில் வந்து சொல்கிறேன்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாயான் பாருவுக்குப் போனேன்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு பழைய கடன் உண்டு.

நான் தோட்டத்துப் பிள்ளை. இராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையை நம்பி, வேலியோரத்து ஓணானையெல்லாம் கல்லால் அடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு நாள் ஒன்றை அடிக்காமல் பிடித்து, ரொட்டி டின்னில் போட்டு, மூடியில் இரண்டு துளை குத்தி, லயத்துப் படியில் வைத்தேன். வளர்க்கப் போகிறேனாம்! மத்தியான வெயில் டின்னில் ஏறியது. சாயங்காலம் திறந்து பார்த்தபோது அது வெந்து போயிருந்தது. கல்லால் அடித்துக் கொன்றவை மறந்துவிட்டன. அன்பு வைத்துக் கொன்ற அந்த ஒன்றுமட்டும் இன்னும் மறக்கவில்லை.

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் தோட்டத்து வேலியில் தலையை ஆட்டுகிறதே, அது ஓணான். மலாய்க்காரர்கள் அதையும், அதன் பச்சை நிற உறவுக்காரனையும் 'சும்பா-சும்பா' என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் கழுத்து சிவக்கும். அதைப் பார்த்துத்தான் 'இரத்தம் உறிஞ்சும்' என்று நம் பிள்ளைகளைப் பயமுறுத்தினோம். ஒரு சொட்டு இரத்தமும் அது உறிஞ்சாது. பூச்சியைத் தின்று நமக்கு நன்மை செய்கிற பிராணி அது. நிறம் மாறினாலும் அது பச்சோந்தி இல்லை.

உண்மையான பச்சோந்தி மலேசியக் காடுகளில் கிடையாது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரபு நாடுகள், நம் முன்னோர் வந்த தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களில் உண்டு. தமிழ்நாட்டுப் பச்சோந்தி இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிடித்து வளர்ப்பது குற்றம். இங்கே வளர்ப்புப் பிராணியாக விற்கப்படுவது பெரும்பாலும் ஏமன், சவூதி மலைச்சரிவுகளைச் சேர்ந்த இனம். தலையில் முக்காடு போட்டதுபோல உயர்ந்த கொண்டை இருக்கும். ஆண் வால் நுனிவரை இரண்டு அடி வளரக்கூடும். பாயான் பாரு பையனிடம் இருந்ததும் அதுதான்.

இரண்டு கண்ணும் தனித்தனியே சுழலும். கையும் காலும் கிளையைப் பற்றும் இடுக்கிபோல இருக்கும். நாக்கு உடம்பைவிட நீளமாகப் பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும். தரையில் நடக்கப் பிறந்த பிராணியல்ல அது. மரத்தில் வாழப் பிறந்தது.

நிறம் மாறுவது எதிரியை ஏமாற்ற மட்டும் என்று நினைக்க வேண்டாம். மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து, 2015-இல் ஜெனிவா பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அதன் சூட்சுமத்தை வெளியிட்டார்கள். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி கூடிக் குறையும்போது, பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. கோபம், பயம், குளிர், வெப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நாய் குரைக்கும், பூனை கத்தும். பச்சோந்திக்குக் குரல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. நிறம்தான் அதன் வாய். அந்த மீன் தொட்டியில் பத்து நாளாக அது கறுப்பாகக் கத்திக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

தொட்டி வீடாகுமா?

வைத்தியர் பார்த்துவிட்டு, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று ஊசி வழியாக நீர் ஏற்றி அனுப்பியிருந்தார். "கிண்ணத்தில் தண்ணீர் நிறைய இருந்ததே மாமா!" என்று பையன் என்னிடம் கேட்டான். இருந்தது. ஆனால் பச்சோந்திக்குத் தேங்கிய தண்ணீரைக் குடிக்கத் தெரியாது. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் பழக்கம். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அது தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

பையனைப் பக்கத்தில் இருக்கும் சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்கே கிளைகளில் பச்சை விரியன் அசையாமல் சுருண்டு கிடப்பதைக் காட்டினேன். "விஷப் பாம்புக்குக்கூடக் கிளையும் காற்றும் கிடைத்திருக்கிறது. உன் சிநேகிதனுக்கு என்ன கொடுத்தாய்?" என்றேன். அவன் தலை குனிந்தான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. நானும் ரொட்டி டின்காரன்தானே!

சரி, நல்ல வீடு எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது காற்று. கண்ணாடித் தொட்டி ஆகாது. காற்று தேங்கினால் நுரையீரல் கெடும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று எண்ணிப் பயந்து சாகும். நாலு பக்கமும் கம்பி வலை அடித்த கூண்டு வேண்டும். வளர்ந்த ஒன்றுக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நாலடி உயரம் இருந்தால் நல்லது. அகலத்தைவிட உயரம் முக்கியம். கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். நம் தலைக்கு மேலே அது உட்கார முடிந்தால் அதற்குப் பயம் தெளியும்.

இரண்டாவது செடி. கூண்டுக்குள் உயிருள்ள செடி இருக்க வேண்டும். விலை கொடுத்துத் தேட வேண்டாம். நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியே போதும். இந்த இனம் இலையையும் பூவையும் கடித்துத் தின்னும், ஆகையால் அரளி போன்ற நச்சுச் செடிகளை வைக்கவே கூடாது. மருந்து தெளித்த செடியாக இருந்தால் நன்றாகக் கழுவி, சில வாரம் வெளியே வைத்துப் பிறகு உள்ளே வையுங்கள். விரல் பருமனிலும் அதற்குச் சற்றுக் கூடக் குறையவும் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். இலைக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லாத பச்சோந்திக்கு நிம்மதியே கிடையாது.

மூன்றாவது வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் படாவிட்டால் அதன் உடம்பில் 'டி' வைட்டமின் ஊறாது. அது ஊறாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. எலும்பு ரப்பரைப்போல வளைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் அரைமணி நேரம் வலைக்கூண்டோடு இளவெயிலில் வையுங்கள், பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும். அத்துடன் ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதா விளக்கு ஒன்றும் வேண்டும். உட்காரும் கிளைக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே அதைப் பொருத்தி, பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கதிர்தான் தீர்ந்திருக்கும். ஷிப்ட் வேலைக்காரர்கள் நேரம் வைத்து அணைக்கும் சுவிட்சு ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம்.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் சூட்டு விளக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். பினாங்கில் நமக்குக் குளிர் கவலையில்லை. பகலில் 31, 32 பாகை, இரவிலும் 24-க்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே கொல்வது வெக்கைதான். உட்காரும் இடத்தில் 30 பாகையளவு இருந்தால் போதும். வெப்பமானி ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். வீடே அந்தச் சூட்டில் இருந்தால் தனியாகச் சூட்டு விளக்குத் தேவையில்லை. மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலோரம் வேண்டாம். பூட்டிய காருக்குள் ஒரு நிமிஷமும் வேண்டாம்.

நான்காவது நீர். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தெளிப்பான் கொண்டு இலைகள் நனையத் தெளியுங்கள். நடுவில் எல்லாம் நன்றாகக் காய வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் பூசணம் பிடிக்கும். கூண்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் போத்தலில் ஊசித்துளை போட்டு வைத்தால், பால்மரத்து மங்கில் பால் சொட்டுகிற கணக்கில் சொட்டுச் சொட்டாக இலையில் விழும். அது நக்கிக் குடிக்கும்.

ஐந்தாவது தீனி. உயிருள்ள பூச்சிதான் பிரதான உணவு. பறவைத் தீனிக் கடையில் 'செங்கெரிக்' என்று கேட்டால் கிடைக்கும். அதன் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். பூச்சிகளுக்கு ஒரு நாள் கீரையும் கேரட்டும் போட்டு வளர்த்து, சுண்ணாம்புச் சத்துத் தூளில் பிரட்டிக் கொடுங்கள். வைட்டமின் தூள் மாதத்துக்கு இரண்டு முறை போதும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒருநாள். மிச்சப் பூச்சியை இரவில் கூண்டில் விடாதீர்கள், தூங்கும் பச்சோந்தியை அது கடித்துவிடும்.

தோட்டத்து வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காசு மிச்சம் என்று செம்பனைக் காட்டிலும் வாய்க்காலோரத்திலும் வெட்டுக்கிளி பிடித்துப் போடாதீர்கள். பாராகுவாட் நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் மருந்து அடிப்பது நின்றுவிடவில்லையே! மருந்து பட்ட பூச்சி பச்சோந்திக்கு விஷம். அடுக்குமாடியில் கொசுப்புகை அடித்த நாளிலும் வெளிப்பூச்சி வேண்டாம். புகை அடிக்கும்போது கூண்டை உள்ளே எடுத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

கையில் எடுத்துக் கொஞ்சலாமா?

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில்: கூடாது. தடவிக் கொடுத்தால் பூனைக்குச் சுகம், பச்சோந்திக்கு அச்சம். பார்க்கத்தான் வளர்க்க வேண்டும், பிடிக்க அல்ல. அவசியத்துக்கு எடுத்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். சோறாக்கும் இடத்துப் பக்கம் கூண்டே வேண்டாம்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. பச்சோந்தி தனிமை விரும்பி. ஒன்றையொன்று பார்த்தாலே மனம் நொந்து நோயில் விழும்.

பெண் பச்சோந்தி, ஆணோடு சேராமலே முட்டை வைக்கும். ஓர் அடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய வாளி இல்லாவிட்டால், முட்டையை வயிற்றிலேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் விற்கிறவர்கள் உண்டு. தெரியாமல் வாங்குகிறவர்களும் உண்டு.

கண் குழி விழுந்தால் தாகம். பகலில் கண்ணை மூடினால் நோய். வாயைத் திறந்துகொண்டே இருந்தால் வெக்கை அல்லது நெஞ்சுச் சளி. கை கால் வளைந்தால் எலும்பு நோய். இவற்றில் எதைக் கண்டாலும் கைவைத்தியம் பார்க்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள்.

வாங்குமுன் கேளுங்கள்

பச்சோந்தி இனங்களில் பெரும்பாலானவை 'சைட்டிஸ்' என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தில் அடங்கியவை. நம் நாட்டிலும் 2008, 2010-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன. ஆகவே வாங்குமுன் 'பெர்ஹிலித்தான்' எனப்படும் வனவிலங்கு இலாகாவில், உரிமம் வேண்டுமா, கடையில் என்ன தாள்களைக் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். தாள் காட்டாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அடுக்குமாடி நிர்வாகத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைத்தது நிரூபணமானால் 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதமோ, மூன்று ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். 'ஓணான்தானே' என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

வளர்க்க முடியவில்லை என்றால் காட்டில் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. ஹவாய்த் தீவுகளில் 1972-இல் கென்யாவிலிருந்து வந்த சில பச்சோந்திகளை ஒருவர் தோட்டத்தில் விட்டார். அவை பெருகிப் பல தீவுகளுக்குப் பரவி, அந்த மண்ணுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கின்றன. ஒன்று நம்மால் ஆகாவிட்டால், வளர்க்கத் தெரிந்தவரிடமோ இலாகாவிடமோ ஒப்படைப்பதே முறை.

இவ்வளவையும் கேட்டபின் அந்தத் தகப்பனார் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு ஓணானுக்கு இத்தனையா? நாம் பிறந்த லயத்தில் இந்த வசதி நமக்கு இருந்ததா?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை.

பதில் சொன்னவர் நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த தாத்தா. முப்பது ஆண்டுக்குமேல் பால் வெட்டியவர். "இல்லைதான் மாப்பிள்ளை. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்தோம். ஜன்னல் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன். வீடு சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?" என்றார்.

தோட்டத் தொழிலாளிக்கு இன்ன அளவில், இன்ன வசதியோடு வீடு வேண்டும் என்று 1990-இல் ஒரு சட்டம் வந்தது. தலையைச் சாய்க்க ஒரு கூரை இருந்தால் போதும், அது வீடு என்று நெடுநாள் நினைத்தவர்கள் இருந்தார்கள். காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும் என்று நாம் கேட்டோம். வாய் உள்ளவர்கள் நாம், கேட்டோம். வாயில்லாத பிராணியை நாமே கொண்டுவந்து அடைத்துவிட்டால், அதற்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

தாத்தா பழைய கட்டில் சட்டங்களை அறுத்துக் கூண்டு செய்தார். தகப்பனார் முணுமுணுத்துக்கொண்டே வலை வாங்கி வந்து ஆணி அடித்தார். அம்மா செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். கடைத் தாள்களோடு இலாகாவுக்கும் போய் வந்தார்கள்.

போன வாரம் மீண்டும் கடிதம் வந்தது. இரண்டு வரிதான். "அது பச்சையாகிவிட்டது அண்ணே. பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப முடியாத பையன், இப்போது விடிவதற்குமுன் எழுந்து இலைக்குத் தண்ணீர் தெளிக்கிறான்."

வாசகர்களே, இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளையும் பச்சோந்தி கேட்டால், மேலே சொன்ன ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். மாதச் செலவை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனால் யார் தண்ணீர் தெளிப்பது என்று எண்ணிப் பாருங்கள். நல்ல கவனிப்பில் அது ஐந்து ஆண்டு, அதற்கு மேலும் வாழும். முடியாது என்றால் வாங்காதீர்கள். அதில் ஒரு குறைவுமில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து வேலிப் பக்கம் அழைத்துப் போங்கள். நம் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். கல்லெடுக்காமல் கால்மணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத சிநேகிதம் அது.

வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்பார்கள். கூண்டில் அடைத்ததற்கு நம் மனசாட்சியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.